சிக்கானா புத்தகத்தில் நான் அழித்த பென்சில் எழுத்து

இருபத்தாறு வருடம் நூலகத்தில் வேலை பார்த்தேன். புத்தகத்தில் எழுதுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. வாசித்துக்கொண்டு அழித்தால் கை நின்றுவிடும் என்பதால் வாசிக்காமலே அழிக்கப் பழகியிருந்தேன். நல்ல மென்மையான அழிரப்பரால் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். அந்தக் கெட்டித்தனத்தில் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

போர் முடிந்து சனம் மன்னாருக்குத் திரும்பத் தொடங்கிய காலத்தில், நன்கொடைப் பெட்டியொன்றில் அந்தப் புத்தகம் வந்தது. சிக்கானா எழுத்தாளர் ஒருவரின் கவிதைகளும் கதைகளும், தமிழில். மெக்சிக்கோக் குடும்பங்களில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பெண்கள் தங்களை அப்படிச் சொல்வார்களாம். இதை மன்னாரில் யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அது அலுமாரியில் ஒரு கிழமை முழுதாக நின்றதில்லை.

வாசித்த பெண்கள் ஓரமெல்லாம் எழுதித் தள்ளினார்கள். ஒரு கவிதை, போகும் இடமெல்லாம் ‘வந்தவள்’ என்று பெயரெடுக்கும் பெண்ணைப் பற்றியது. அதன் பக்கத்தில், போர்க்காலத்தில் புத்தளத்துக்குத் துரத்தப்பட்டுத் திரும்பி வந்த ஒருத்தி, “புத்தளத்தில எங்களை மன்னாராக்கள் எண்டினம். இஞ்ச வந்தால் புத்தளத்தாக்கள் எண்டினம்” என்று எழுதியிருந்தாள். கீழே இன்னொரு கை: “இந்தியா முகாமில நான் சிலோன்காரி. இப்ப இஞ்ச இந்தியாக்காரி.” இவை இரண்டும் தற்செயலாகக் கண்ணில் பட்டன. சிரிப்பும் வந்தது.

பிறகு நூலகர் சேர் கூப்பிட்டார். “வாற கிழமை இன்ஸ்பெக்சன். கீறல் எல்லாத்தையும் அழிச்சுப்போடுங்கோ.”

ஒரே நாளில் முடித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து ஊரான தாராபுரத்துத் தையல்காரி ஜெசீமா வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டாள். விரித்தவள் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

“மிஸ், இதில எழுதினது எங்க?”

“அழிச்சுப்போட்டன். புத்தகம் எழுதுற கொப்பியில்லை, ஜெசீமா.”

அவள் சண்டை பிடிக்கவில்லை. கதிரையில் இருந்துகொண்டு சொன்னாள். “‘சிலோன்காரி’ எண்டு கீழ எழுதியிருந்தது என்ர கூட்டாளி றீற்றாவின்ர கையெழுத்து மாதிரி இருந்தது. நாங்கள் புத்தளம் போன பிறகு அவ வள்ளத்தில இந்தியா போனவ. வள்ளம் கவிண்டது எண்டு கேள்வி. கீரி ஊரில அவவின்ர வீடும் இல்லை, கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. போன மாசம் ‘நீ றீற்றாவோ?’ எண்டு எழுதி வச்சனான். பதில் பாக்க வந்தன்.”

யார் எடுத்தது என்று சொல்ல என்னிடமும் வழியில்லை. புத்தகம் திரும்பி வந்ததும் வாசகர் அட்டையைக் கையில் கொடுத்துவிடுவோம். வேறு பதிவு இராது. இருந்த ஒரே சாட்சியை நான்தான் தேய்த்துத் தள்ளியிருந்தேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பென்சிலை அழுத்தி எழுதினால் தாளில் தடம் நிற்கும். வழக்கமாக அது எனக்கு எரிச்சல். புத்தகத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்குச் சரித்தேன். முதலில் அவளுடைய கேள்வி தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

“ஓம் ஜெசீ. இப்ப பேசாலையில இருக்கிறன்.”

ஜெசீமா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள்.

“மிஸ், நான் என்ர பேரை எழுதேல்லை” என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று புத்தகம் அலுமாரியில் இல்லை. ஜெசீமாவோடு பேசாலைக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு வாசிக்காமல் நான் ஒரு வரியையும் அழித்ததில்லை. வாசித்த பிறகு அழிக்க மனம் வந்ததும் குறைவு.