பின்தெருவுக்கு வந்த ஒன்பதாம் வாதை

எங்கள் வீட்டில் பார்வோன் யார் என்பதில், ஒன்பது வயதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. ஏரல் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த என் அப்பாதான். அவர் போகவிடாமல் பிடித்து வைத்திருந்த இஸ்ரவேல் ஜனம் மொத்தமே ஒரே ஒரு ஆள், என் அத்தை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. நர்சிங் முடித்திருந்தாள். குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட் புதன்கிழமை காலை சென்னையில் ஏஜெண்ட் கைக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். பாஸ்போர்ட் அப்பாவின் பீரோவுக்குள் இருந்தது, பீரோச் சாவி அப்பாவின் இடுப்பில் இருந்தது. "தாய் தகப்பன் இல்லாத பிள்ளைய கடலுக்கு அங்கிட்டு அனுப்பிட்டு நான் இங்கன உக்காந்து சோறு திங்கவா?" என்பார். அத்தை அழுவாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்பாவை எதிர்த்து அம்மா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஓய்வுநாள் பாடசாலையில் இஸ்ரவேலரை அடிமைகளாகப் பிடித்து வைத்திருந்த எகிப்து ராஜா பார்வோன்மேல் ஆண்டவர் அனுப்பிய பத்து வாதைகளைப் பற்றிப் பாடம் நடந்தது. எங்கள் டீச்சர் தவளை என்றால் பெஞ்சுக்கு அடியில் தவளை குதிக்கும், அப்படிச் சொல்லுவார். ஒன்பதாவது வாதை இருட்டு. கையை நீட்டினால் தட்டுப்படுகிற மாதிரி கெட்டியான இருட்டு, மூன்று நாள். அதிலும் எகிப்தியர் வீடுகளில் மட்டும்தான்; இஸ்ரவேலர் வீடுகளிலெல்லாம் வெளிச்சம். அப்போதும் பார்வோன் மனதைக் கடினப்படுத்திக்கொண்டு அவர்களைப் போகவிடவில்லை. அதனால் பத்தாவது வாதை, வீட்டுக்கு வீடு தலைச்சன் பிள்ளை சாகும். எங்கள் வீட்டுத் தலைச்சன் நான்தான். காலையில் அதைப் பற்றி நான் ஒன்றும் கவலைப்படவில்லை. எகிப்து எங்கே இருக்கிறது, ஏரல் எங்கே இருக்கிறது!

சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போனது. அது எங்களுக்கு வழக்கம்தான். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எதிர் வரிசை முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பாய் வீட்டில் டிவிகூட ஓடியது. எங்கள் பக்கம் நான்கு வீடுகள் மட்டும் கும்மிருட்டாகக் கிடந்தன. "கம்பத்துல ஒரு பேஸ் லைன் மட்டும் போயிட்டு" என்றார் அப்பா. பேஸாவது ஒன்றாவது. போனால் ஊருக்கே போகிற கரண்ட், இப்படி ஆள் பார்த்தா போகும்?

மறுநாள் மத்தியானம் கரண்ட்காரர் ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறினார். மற்ற மூன்று வீட்டிலும் பேன் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. நான்கு வீட்டில் எந்த வீட்டை ஆண்டவர் தேடுகிறார் என்பது அத்தோடு தெளிவாகிவிட்டது.

சாப்பிட வந்த அப்பா வாசல் நடையில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தபடி வெகுநேரம் அசையாமல் நின்றார். பிறகு பைய மூடினார். "லைன்லதான் கோளாறு. கரண்ட்காரன் மறுபடி வந்துதான் பாக்கணும்" என்றார். ஆனால் கரண்ட்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பவில்லை. மனம் கடினப்படுவது என்றால் இதுதான் என்று எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் பாய் வந்தார். "அண்ணாச்சி, எங்க வீட்டுல இருந்து ஒரு வயர் இழுத்துத் தாரேன். பிள்ளைக இருட்டுல கெடக்கு."

"வேண்டாம் வே. ரெண்டு நாள் இருட்டுல கெடந்தா செத்தா போயிருவோம்?" என்றார் அப்பா.

அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். சாகப்போவது நானல்லவா!

அன்று இரவு மெழுகுவர்த்தி வைத்துக் குடும்ப ஜெபம். என் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அத்தையைப் போகவிடாதது அப்பாதான், நான் இல்லை. நான் தலைச்சன்தான், ஆனால் தம்பியும் ஏறக்குறைய தலைச்சன் மாதிரிதான், ஒரு வருஷந்தான் வித்தியாசம். அப்பாவும் அவர் வீட்டுக்கு மூத்த பிள்ளைதான். இதையெல்லாம் கொஞ்சம் யோசித்துச் செய்யும், ஆமென். தம்பி ஓவென்று அழத் தொடங்கினான். அத்தை முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள், அழுகையா சிரிப்பா தெரியவில்லை. அப்பா ஆமென் சொல்ல ரொம்ப நேரமானது.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. அம்மா உலைக்கு அரிசி எடுத்துவரச் சொன்னாள். அரிசி டிரம்மில் கையை விட்டால் வெள்ளைப் பீங்கானில் என்னவோ ஒன்று, உள்ளங்கை அளவுக்கு, இரண்டு பக்கமும் செம்புப் பல்லோடு தட்டுப்பட்டது. "என்னம்மா இது?" என்றேன்.

"வண்டு விழாம இருக்கப் போட்டிருக்கேன். கையை எடுட்டி" என்றாள். வசம்பு போடுவார்களே, அதுபோல் ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன். எனக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது.

டீச்சர் சொன்னபடி, தப்ப ஒரே வழி ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை வாசல் நிலையில் பூசுவது. பாய் வீட்டில் ஓர் ஆடு நின்றது. ஆனால் தினமும் வாழைப்பழத்தோல் கொடுத்து அதோடு நான் சிநேகமாகியிருந்தேன். ஆகவே அத்தையின் சிவப்புக் க்யூடெக்ஸ் பாட்டிலை எடுத்துவந்து, ஸ்டூல் போட்டு ஏறி, நிலையின் இரண்டு பக்கமும் மேலேயும் தீட்டினேன். பாட்டில் காலியாகிவிட்டது.

கடையை அன்று சீக்கிரமே மூடிவிட்டு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏட்டி, இது என்னது?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இது மூன்றாம் நாள் என்றும், இன்று ராத்திரி பஸ் போய்விட்டால் அத்தையும் போகமுடியாது, நானும் பிழைக்கமுடியாது என்றும் சொன்னேன். நிச்சயம் அடி விழும் என்று நினைத்தேன். அப்பா நிலையில் ஒட்டியிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அப்பன் பார்வோனாட்டி?"

"ஆமாப்பா" என்றேன்.

அவர் நேராக உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். பாஸ்போர்ட்டை அத்தை கையில் வைத்தார். "துணிய எடுத்து வை. பஸ்ஸுக்கு நானும் வாரேன். பொம்பளப்பிள்ள ஒத்தையில மெட்ராஸ் போகாண்டாம்" என்றார். குவைத்துக்கு ஒற்றையில் போகப்போகிறவள் அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள். நான் உயிர் பிழைத்த சந்தோஷத்தில் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா வாசலில் காயும் துணியை எடுக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க விளக்கு எரிந்தது!

இதைக் கோயிலில் எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்லவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அம்மாதான் விடவில்லை.

முப்பது வருஷம் கழித்து, போன மாதம் அத்தை பேரனையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு லீவில் வந்திருந்தாள். வீட்டுக்கு வயரிங் மாற்றும் வேலை நடந்தது. மீட்டர் பெட்டியைக் கழற்றிய பையன் பழைய சாமான்களைத் தரையில் போட்டான். அதில் அந்த வெள்ளைப் பீங்கான் கிடந்தது. "அம்மா, இது அரிசியில வண்டுக்குப் போடுததுல்லா?" என்றேன்.

"அது மீட்டர் பெட்டி பீஸ் கட்டை, அக்கா. இதப் புடுங்கிட்டா வீடே இருட்டுதான்" என்றான் அந்தப் பையன்.

அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. "கரண்ட்காரன் ஏணியில ஏறும்போதே புடுங்கிட்டேன்ட்டி. மொத நாள் ராத்திரி நீ தூக்கத்துல தலைச்சன் தலைச்சன்னு பெனாத்துன. அப்பதான் தோணுச்சு."

எனக்கு ஒரே பெருமை, இவ்வளவு பெரிய ஆளா என் அம்மா! "அப்பாவுக்குத் தெரியாம எப்படிம்மா சமாளிச்ச?" என்று கேட்டேன்.

அம்மா உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யாரு சொன்னா தெரியாதுன்னு? மறுநாளே அவுக பெட்டியத் தொறந்து பாத்தாகல்லா? அந்த எடம் காலியாத்தானே கெடந்துச்சு."

உள்ளே அப்பா அத்தையின் பேரனுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று அந்தப் பெட்டியின் முன்னால் அவர் அவ்வளவு நேரம் நின்றதை, மனம் கடினப்படுகிற நேரம் என்றல்லவா நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.