வேண்டாம் என்று எழுதியவள்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாகத் தரைத்தளத்து மூலை அறையில் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பவள். அந்த வேலை அவளுக்குக் கொடுத்த குணம் சந்தேகம். "சும்மா லேசா இடிச்சுக்கிட்டேன்" என்று சிரித்தபடி வருகிறவரின் படத்தில் எலும்பு இரண்டு துண்டாகக் கிடக்கும். உயிரே போகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறவரின் படத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. வாய் சொல்வதை அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. படம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பாள்.

மகள் தனக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். பின்னட்டை இருக்க வேண்டிய இடத்தில் முன்னட்டை இருந்தது. பைண்டிங் செய்தவன் தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று அம்மா நினைத்தாள்.

"இது மங்கா, ஜப்பான்காரங்க படக்கதைம்மா. வலது பக்கத்திலேர்ந்துதான் படிக்கணும்," என்றாள் மகள்.

அம்மாவுக்கு உடனே மூக்கில் வியர்த்தது. நேராகப் படிக்கக் கூடாத புத்தகத்தில் நேரான விஷயம் என்ன இருந்துவிடப் போகிறது? மறுநாள் மகளுக்குத் தெரியாமல் அதைக் கைப்பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு வேளையில் வாசலில் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டால் அந்த அறைக்கதவை எமனே வந்தாலும் திறக்க மாட்டான். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டு, ஒரு கையால் பின்னாலிருந்து முன்னால் புரட்டினாள். குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தவள் மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து மகள் கொண்டுவரும் படக்கதை, சித்திர நாவல், பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல் எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. கேட்டால், "பிள்ளை என்ன படிக்குதுன்னு பார்க்க வேண்டாமா?" என்பாள். வீட்டில் யாரும் அதை எதிர்த்துப் பேசவில்லை.

நூலகர் ஒழுங்குக்குப் பெயர் போன மனிதர். ஒவ்வொரு புதுப் புத்தகத்துக்குள்ளும் ஒரு சீட்டு வைத்திருப்பார். புத்தகம் எப்படி, அடுத்த பாகம் வாங்கலாமா, வேண்டாமா என்று இரண்டே கேள்வி. வந்த சீட்டுகளில் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கி, தன் குண்டுக் கையெழுத்தில் பிரதி எடுத்து வாசல் பலகையில் ஒட்டுவார். 'ஒரு தாய்' என்று கையெழுத்திட்டு வரும் சீட்டுகள் அதில் தவறாமல் இடம்பிடித்தன.

ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு சித்திர நாவலைப் பற்றி அவள் எழுதியது: "எழுபதாம் பக்கத்தில் கதாநாயகிக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று ஜோடி விலா எலும்பு வரைந்திருக்கிறார்கள். அவளுக்கு வியாதி இருக்கிறதோ இல்லையோ, வரைந்தவர் ஒரு முறை தன் விலாவைத் தடவிப் பார்ப்பது நல்லது." பதின்வயது நாவல்கள் மூன்றைச் சேர்த்துப் படித்துவிட்டு எழுதியது: "மூன்றிலும் அப்பா அம்மா முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகிறார்கள். நாங்கள் உயிரோடு இருந்தால் பதினாறு வயதுப் பெண்ணால் உலகத்தைக் காப்பாற்ற முடியாதா? அவ்வளவு இடைஞ்சலா நாங்கள்?" எல்லாவற்றையும் குறை சொன்னாள் என்றும் சொல்ல முடியாது. சண்டை ஓய்ந்த ஊரில் பழைய கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரியின் கதை ஒன்று வந்தது. "கடிதம் வாங்கும் கையை மட்டும் எட்டுக் கட்டத்தில் வரைந்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. கட்டாயம் வாங்குங்கள்" என்று எழுதினாள்.

சிக்கல் வந்தது நீச்சல் மங்காவில். ஒரு பையன், ஒரு நீச்சல் குளம், ஒரு போட்டி. ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவன் மேடையிலிருந்து குதிக்கிறான். ஆறாம் பாகம் நூற்றைம்பது பக்கம். அத்தனையிலும் அவன் காற்றிலேயே தொங்குகிறான். நினைப்பு, நினைப்புக்குள் நினைப்பு. அவளுக்குக் கடுப்பாகிவிட்டது. "இந்தப் பையன் தண்ணீரைத் தொடுவதற்குள் என் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும். அடுத்த பாகம் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தனுப்பினாள்.

பத்து நாள் கழித்து நூலகத்துப் பக்கமாகப் போனபோது பலகையில் அவள் சீட்டின் பிரதி இருந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்பது வரை அவள் எழுதியதேதான். கடைசி வரி மட்டும் "அடுத்த பாகம் வேண்டும்" என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். அதே வேண்டும்.

உள்ளே போய் நூலகரின் மேஜை முன் நின்றாள்.

"சார், நான் எழுதினது ஒண்ணு, நீங்க ஒட்டியிருக்கிறது ஒண்ணு."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "இருபத்தாறு வருஷமா பிரதி எடுக்கிறேன்மா. ஒரு புள்ளி மாறினது கிடையாது."

"புள்ளி மாறலை சார். அர்த்தமே மாறியிருக்கு."

அவர் பீரோவைத் திறந்து, கோப்பை எடுத்து, அவளுடைய சீட்டை உருவி மேஜைமேல் வைத்தார். அவள் கையெழுத்து, அவள் நீலப் பேனா. கடைசியில் வேண்டும். அவளுக்கே ஒரு கணம் தன்மேல் சந்தேகம் வந்தது. வேலைக் களைப்பில் மாற்றி எழுதிவிட்டோமோ? வெளியே வருவதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது. தான் அப்படிப்பட்டவள் இல்லை. இந்த மனுஷர்தான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார். புத்தகம் விற்கிறவர்களோடு ஏதோ பேசி வைத்திருப்பார்.

சீட்டை ஒரு நாள் இரவல் கேட்டாள். அவர் அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

எக்ஸ்ரே அறைச் சுவரில் பழைய காலத்து விளக்குப் பெட்டி ஒன்று இன்னும் இருந்தது. இப்போது படமெல்லாம் கணினித் திரையிலேயே வந்துவிடுவதால் அதை யாரும் தொடுவதில்லை. அவள் துடைத்து விளக்கைப் போட்டு, சீட்டை அதன்மேல் வைத்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். அவள் பேனாவின் கோடுகள் மெலிசாக, அங்கங்கே விட்டுவிட்டுத் தெரிந்தன. 'வேண்டாம்' என்பதிலிருந்த ட-வையும் துணைக்காலையும் அடியில் இணைத்து யாரோ 'டு' ஆக்கியிருந்தார்கள். அந்த இணைப்புக் கோடு மட்டும் கெட்டியாக, காகிதத்துக்குள் ஊறிப்போயிருந்தது. அதுவும் நீலம்தான், ஆனால் வேறு பேனா. மயிரிழை முறிவைக் கண்டுபிடித்ததுபோல் அவள் நிமிர்ந்தாள். பெருமூச்சுகூட விட்டாள்.

நூலகர் கறுப்பு மையைத் தவிர வேறெதையும் தொடாதவர், ஆகவே அவர் இல்லை. சீட்டு வீட்டிலிருந்து நூலகத்துக்குப் போகிற வழியில் இருப்பவர்கள் இரண்டே பேர். மகள், சில நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும் அவளுடைய அப்பா. அப்பாவைப் பற்றி நினைக்க ஒன்றுமில்லை. அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிற ஆள். கல்யாணமான நாளிலிருந்து மருந்துச் சீட்டைத் தவிர எதையும் அவர் படித்து அவள் பார்த்ததில்லை. ஆகவே மகள்தான். அம்மாவின் எழுத்தையே திருத்துகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

மாலையில் மகள் பையை வைத்ததும் வைக்காததுமாக அம்மா ஆரம்பித்தாள். "உங்கிட்ட என்னென்ன பேனா இருக்கு? எல்லாத்தையும் எடு."

மகள் பென்சில் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். "எதுக்கும்மா?"

"நீச்சல் புத்தகம் ஏழாம் பாகம் வேணும்னா நேரா சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு இந்தத் திருட்டு வேலை?"

மகளுக்கு முதலில் புரியவேயில்லை. சீட்டைக் காட்டியதும் புரிந்தது. முகம் சிவந்தது. "அம்மா, அந்தக் கதையை நான் ரெண்டாம் பாகத்திலேயே விட்டுட்டேன். நாலு மாசமா அதைத் தொடவே இல்லை. நீதான் 'வந்துடுச்சா, வந்துடுச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தே. உனக்காகத்தான் கொண்டுவந்தேன்."

"நான் நீ படிக்கிறதைப் பார்க்கத்தான்..."

"நான் படிக்காததையுமா?"

அம்மா குனிந்தாள். பேனாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். மகள் அன்று மாலை முழுக்க அவளோடு பேசவில்லை. அதில் தப்பே இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

மறுநாள் கண் சோதனைக்குப் போய்வந்த தாதி ஒருத்தி புதுக் கண்ணாடியைக் காட்டினாள். "பாருங்கக்கா, நடுவுல புள்ளியைத் துடைக்காமலே கொடுத்துட்டாங்க." லென்ஸின் நடுவில், கருவிழி வரும் இடத்தைக் குறிக்க வைத்த சின்ன நீலப் புள்ளி. மெல்லிய மார்க்கர். கெட்டியான நீலம்.

எக்ஸ்ரே அக்கா ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

மதிய இடைவேளை. கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் முக்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆறாம் பாகம். கையில் லென்ஸில் கீறல் பார்க்கும் உருப்பெருக்கி. அதை ஒரு கட்டத்தின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிழல் விழுந்ததும் புத்தகத்தைத் தொடைக்கடியில் தள்ளப் பார்த்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பிறகு அதெல்லாம் எடுபடவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள்.

"முதல் பாகத்திலேர்ந்து. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனப்ப நூலகம் திறக்கலை. வாசல்ல நின்னுக்கிட்டு சும்மா புரட்டினேன்."

"இது எத்தனாவது தடவை?"

"ஆறாம் பாகமா? நாலு." கொஞ்சம் யோசித்து, "அஞ்சு," என்றார்.

"என் சீட்டைத் திருத்தினது நீங்கதானே?"

"அவன் குதிச்சுட்டான், இன்னும் தண்ணியில விழலை. நீ பாட்டுக்கு வேண்டாம்னு எழுதிட்டே. உன் பேச்சைத்தான் அவர் கேட்பாரு. அப்புறம் அந்தப் பையன் அங்கேயே தொங்க வேண்டியதுதானா?"

"நீங்க ஒரு சீட்டு எழுதக் கூடாதா? எங்கிட்ட சொல்லக் கூடாதா? நான் நேத்து நம்ம பொண்ணைத் திருடின்னு சொல்லிட்டேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அவளையா?" என்றார் மெதுவாக. பிறகு, "சொன்னா என்ன படிக்கிறேன்னு என்னையும் சோதனை போடுவியேன்னு பயம்," என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. திட்ட வந்ததை விட்டுவிட்டுக் கைப்பையைக் கீழே வைத்தாள். அவர் பக்கத்து முக்காலியை இழுத்துப்போட்டார்.

"கோபம் அப்புறம். இதைப் பாரு." உருப்பெருக்கியை அவள் கையில் கொடுத்து ஒரு கட்டத்தைக் காட்டினார். "பார்வையாளர் வரிசையில ஒரு நாற்காலி காலியா இருக்குல்ல? அவனோட அண்ணன் உக்கார்ற இடம். இதோ அடுத்த பக்கம். இதோ அதுக்கடுத்தது. நாற்காலி கொஞ்சம் கொஞ்சமா பெரிசாகிட்டே வருது. கடைசிப் பக்கத்துல கிட்டத்தட்ட குளம் அளவுக்கு இருக்கு. அவன் தண்ணியைப் பார்த்துக் குதிக்கலை. அந்த நாற்காலிக்குள்ளே விழறான்."

அவள் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். அவர் சொன்னது போலத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேரின் எலும்பைப் பார்த்துச் சொல்கிற கண். இந்த நாற்காலியை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நினைப்பு வசனங்களைப் படித்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள். அவர் பாதி வசனத்தைப் படிக்காமலே விட்டுவிட்டாராம்.

"இருந்தாலும் நூற்றைம்பது பக்கம் அதிகம்," என்றாள்.

"அது சரிதான்," என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மகளிடம் மன்னிப்புக் கேட்டாள். பழக்கமில்லாத வேலை என்பதால் மூன்று சொல்லில் முடித்துவிட்டாள். மகள் தோளைக் குலுக்கினாள். இரண்டு நாள் கழித்துத்தான் முகம் கொடுத்துப் பேசினாள். அதுவும் "இனிமே உன் புத்தகத்தை நீயே போய் எடுத்துக்கோ," என்பதற்காக.

நூலகரிடம் கணவனும் மனைவியுமாகப் போனார்கள். எக்ஸ்ரே அக்கா அவரைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தம் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, திருத்தப்பட்ட சீட்டைக் கோப்பில் வைப்பதா கிழிப்பதா என்று வெகுநேரம் யோசித்தார். கடைசியில் புதுச் சீட்டு இரண்டு நீட்டினார். அவள் 'அண்ணன் வரவில்லை என்று சொல்ல நூற்றைம்பது பக்கம் அதிகம்' என்று எழுதினாள். கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியைப் பற்றி முன்னும் பின்னுமாக எழுதி, பின்பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதி, கீழே 'ஒரு வாசகர்' என்று போட்டார். அதைப் பார்த்துவிட்டு அவளும் 'ஒரு தாய்' என்பதை அடித்துவிட்டு 'ஒரு வாசகி' என்று மாற்றினாள். நூலகர் இரண்டையும் அக்கம்பக்கமாகப் பலகையில் ஒட்டினார். மறு வாரம் யாரோ ஒரு பையன் அவற்றுக்குக் கீழே, இரண்டு பேருமே அண்ணனைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு சீட்டு எழுதியிருந்தான்.

ஏழாம் பாகம் இரண்டு மாதம் கழித்து வந்தது. பையன் பன்னிரண்டாம் பக்கத்தில் தண்ணீரைத் தொட்டான், நாலாவதாக வந்தான். அவர் கண் கலங்கினார். அவளுக்கு முடிவு அவசரத்தில் எழுதியதுபோல் பட்டது. இப்போது இரண்டு பேரும் தனித்தனிச் சீட்டு எழுதுகிறார்கள். அவள் தன்னுடையதை மடித்து உறையில் போட்டு, வாயைப் பசை வைத்து ஒட்டி, தானே கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.