பச்சை போர்டில் மிச்ச இடம்

தாம்பரத்தைத் தாண்டியுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில், எலெக்ட்ரானிக்ஸ் லேபில் உதவியாளராக இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். இத்தனை வருடத்தில் அங்கே என் கையால் செய்த சர்க்யூட் எதுவும் மூன்று மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. எல்லாம் பிரெட் போர்டு வேலை. வெள்ளை பிளாஸ்டிக் பலகை, வரிசை வரிசையாகத் துளைகள். ஒயரைச் சொருகினால் இணைப்பு, பிடுங்கினால் இல்லை. மாணவர்கள் சொருகுவார்கள், விளக்கு எரியும், ரெக்கார்டில் கையெழுத்து வாங்குவார்கள், மணி அடித்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி என் மேசையில் கொட்டிவிட்டுப் போவார்கள். நான் உட்கார்ந்து பிரித்து டப்பாக்களில் போடுவேன். எந்தத் தப்பையும் பிடுங்கிவிடலாம் என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

கடைசி வருடப் பிள்ளைகள் புராஜெக்டோடு வரும்போது மட்டும் நான் வேறு ஆள். "பிரெட் போர்டோட வந்து நிக்காதீங்கப்பா. ரிவ்யூ அன்னிக்கு ஒரு ஒயர் கழண்டா மானம் போயிடும். டாட் போர்டு வாங்கி சால்டர் பண்ணுங்க" என்று விரட்டுவேன். டாட் போர்டின் செம்புப் பொட்டுகளில் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்துவிட்டால் பிறகு எதுவும் கழலாது. அந்தப் புத்தியை வீட்டுக்கு எடுத்துவர எனக்குத் தெரியவில்லை.

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீடு. நானும் மனைவியும்தான். அவள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கடைசி பெஞ்சில் பேசுவது யார் என்று சொல்லிவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் காதுகள் அடைக்க ஆரம்பித்தன. பிள்ளைகள் கேட்கும் சந்தேகம் காதில் விழவில்லை என்றதும் வேலையை விட்டுவிட்டாள். கடைசியாகப் பார்த்த டாக்டர், என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இருக்கறத காப்பாத்திக்கலாம் சார். போனது வராது."

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "என்ன சொன்னார்?"

"போகப் போகப் பார்க்கலாம்னார்" என்றேன்.

வெளியே போகும்போது காது மெஷின் போட்டுக்கொள்வாள். வீட்டில் மிக்ஸியும் ஃபேனும் அதில் இரைச்சலாக விழுவதால் கழற்றி வைத்துவிடுவாள். காலிங் பெல் கேட்காது. அதற்காகத்தான் அந்த சர்க்யூட்டைச் செய்தேன். கேட்டில் ஸ்விட்சை அழுத்தினால் ஹாலில் ஒரு விளக்கு, சமையலறையில் ஒரு விளக்கு, அரை நிமிடம் மின்னும். ஒரு ஐசி, ஒரு டிரான்சிஸ்டர், சில்லறைச் சாமான்கள். வழக்கம்போல் பிரெட் போர்டில் சொருகி, டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். 'இப்போதைக்கு' என்று சொல்லிக்கொண்டேன். அந்த இப்போதைக்கு ஏழு மாதம் நீண்டது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கீழ்க்கட்டளையில் இருக்கும் மனைவியின் தங்கையிடமிருந்து லேபுக்குப் போன் வந்தது.

"மாமா, உங்க வீட்டு வாசல்ல நிக்கறேன். அரை மணி நேரமா பெல் அடிக்கறேன், அக்கா திறக்கவே இல்ல. போனையும் எடுக்கல. எனக்கு பயமா இருக்கு மாமா."

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. என் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே ஓடினால், மனைவி சமையலறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறாள். தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டதில் மொச்சை தரையெல்லாம் சிதறியது. பின்னால் வந்த தங்கை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிரெட் போர்டைப் பார்த்தேன். ஒரு மஞ்சள் ஒயர் ஒரு துளை தள்ளிச் சொருகப்பட்டிருந்தது.

"காலையில தூசி தட்டும்போது துணியில மாட்டிக்கிட்டு வந்துடுச்சு. நான்தான் திரும்பச் சொருகினேன். சரியா சொருகினேன்னுதான் நினைச்சேன்" என்றாள் மனைவி.

அவள் மேல் என்ன தப்பு? ஏழு மாதமாக அதை அப்படி விட்டுவைத்த என்னைத்தான் உதைக்க வேண்டும்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். "இனிமே அக்காவ தனியா விடாதீங்க மாமா. காலையில எங்க வீட்டுல விட்டுட்டுப் போங்க. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க." அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். மனைவி தங்கையின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுருங்கியது. முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்த முகம், தன்னைக் கொண்டுபோய் விட்டு அழைத்துவரப் போகிறார்கள் என்று தெரிந்து சுருங்கியது.

"ஒரு வாரம் டைம் குடு. ஒழுங்கா சால்டர் பண்ணிடறேன்" என்று தங்கையை அனுப்பி வைத்தேன்.

மறுநாளே மேற்குத் தாம்பரம் கடைக்குப் போய்க் கையில் கிடைத்த போர்டுகளை எல்லாம் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். பழுப்பு நிற டாட் போர்டு அறுக்கவும் உடைக்கவும் சுலபம். ஆனால் சால்டரிங் அயர்ன் கொஞ்சம் அதிகம் சுட்டால் செம்புப் பொட்டு உரிந்து வந்துவிடும். பச்சை போர்டு கெட்டி, சூடு தாங்கும். இன்னொன்றில் செம்பு நீளக் கோடுகளாக ஓடும். அதில் ஒயர் குறையும், ஆனால் வேண்டாத இடத்தில் கோட்டை வெட்டிவிட வேண்டும். இதையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்து மெதுவாக விளக்கினேன். வெள்ளி போனது, சனி போனது. பழுப்பை எடுப்பேன், வைப்பேன். கோடு போட்டதை எடுப்பேன், வெட்ட வேண்டுமே என்று வைப்பேன். அயர்ன் பிளக்கில் ஏறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்க பிரச்சனை போர்டு இல்ல."

கையிலிருந்த பழுப்பு போர்டை மேசையில் வைத்தேன்.

"சால்டர் பண்ணிட்டா அப்புறம் பிடுங்க முடியாது. இதுதான் நிரந்தரம்னு ஆயிடும். அதானே?"

"அப்படி எல்லாம் ஒண்ணும் இல்ல."

"அன்னிக்கு அந்த டாக்டர் வாயை நானும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். போனது வராதுன்னார். நீங்க வேற சொன்னீங்க. பாவம், இவரால தாங்க முடியலன்னு நானும் விட்டுட்டேன்."

காது போனது அவளுக்கு. ஆறுதல் தேவைப்பட்டது எனக்கு. அதையும் அவள்தான் இத்தனை மாதம் ஓசையில்லாமல் தந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. அவள் முந்தானையால் என் கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, மேசையிலிருந்து ஒரு போர்டை எடுத்தாள். பச்சை. இருந்ததிலேயே பெரியது.

"இதுல பாதி கூட வேண்டாம், அறுத்துடறேன்" என்றேன்.

"அறுக்காதீங்க. மிச்ச இடம் இருக்கட்டும்."

எதற்கு என்று கேட்க பயமாக இருந்தது. இன்னும் என்னென்ன கேட்காமல் போகும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாளோ, குக்கர் விசிலோ, என் குரலோ என்று மனம் எங்கெங்கோ போனது.

அயர்னைச் சூடு பண்ணினேன். அவள் இடுக்கியால் ஒயர்களைப் பிடித்துக்கொண்டாள், நான் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். ஈயப் புகைக்கு இருமினாள், ஆனால் கையை அசைக்கவில்லை. கேட்டுக்குப் போய் நானே ஸ்விட்சை அழுத்தினேன். அவள் கதவைத் திறந்தாள். மூன்று முறை அழுத்தினேன், மூன்று முறையும் திறந்தாள். தங்கைக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாள். "கீழ்க்கட்டளைக்கு விருந்தாளியா மட்டும்தான் வருவேன்" என்றாள்.

அதற்கப்புறம்தான் கேட்டேன். "மிச்ச இடம் எதுக்கு? குக்கருக்கா?"

"குக்கர் ஆவியைக் கண்ணால பார்த்துக்கறேன். இன்னொரு ஸ்விட்ச் வைங்க. உங்க நாற்காலிகிட்ட."

"எதுக்கு?"

"முன்னெல்லாம் ஹால்ல இருந்து நாள் பூரா என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க. கண்ணாடி எங்க, பேப்பர் எங்கன்னு. எரிச்சலா வரும். இப்ப கூப்பிடறதே இல்ல. எல்லாத்தையும் நீங்களே தேடிக்கறீங்க. ரொம்ப அவசரம்னா வந்து தோளைத் தொடறீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "யாரும் கூப்பிடாத வீடு மாதிரி இருக்கு."

அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். அதைக் கரிசனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்சத் துளைகளில் அன்றைக்கே அதையும் பற்றவைத்தேன். நாற்காலிக் கையில் ஸ்விட்ச், சமையலறையில் மஞ்சள் விளக்கு. சாயங்காலம் அவள் உள்ளே போனதும் அழுத்தினேன். ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன?"

கண்ணாடி மூக்கில் இருந்தது. பேப்பர் மடியில் இருந்தது.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

"வேலை இல்லாத மனுஷன்" என்று அலுத்துக்கொண்டே திரும்பினாள். அடுப்பருகே போய்ச் சேர்ந்திருப்பாள் என்று தோன்றியதும் மறுபடி அழுத்தினேன்.