கப்பல் பாரில் மாப்பிள்ளை விசாரிப்பு

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப்செட் விற்றவர்களுக்கு ஒரு யோகம் அடித்தது. கம்பெனிக்காரர்கள் நன்றாக விற்ற டீலர்களை, ஆளுக்கொரு துணையோடு, சிங்கப்பூருக்கு அனுப்பி அங்கிருந்து மூன்று நாள் கப்பலில் சுற்றிக் காட்டினார்கள். அவர்களைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. நான் காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸில் இருந்தேன். நாற்பது பாஸ்போர்ட், பருப்புப்பொடி டின்கள், ஊறுகாய் பாட்டில்கள் ஆகியவற்றோடு நானும் ஒரு சாமானாக ஆண்டுக்கு நாலைந்து தடவை போய்வருவேன்.

அடிக்கடி வருகிறவர்களுக்கு அந்தக் கப்பலில் தங்க நிறத்தில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அது இருந்தால் தினமும் மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் பாரில் இரண்டு கிளாஸ் இலவசம். எது வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரே விதி, அட்டைக்காரர்தான் குடிக்க வேண்டும், பிறருக்குத் தரக்கூடாது. எனக்கோ குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு மனசு வரும்? அந்த இரண்டு கிளாஸையும் டீலர்களுக்கு ஊற்றவைத்தேன். அதனால் எனக்கு நல்ல பெயர் வந்தது. வேலையும் நிலைத்தது. இதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என் தயவில் அதிகம் குடித்தவர் பெரியநாயக்கன்பாளையத்து டீலர் ஒருவர். ஊரில் அவருக்கு வெற்றிலைகூடப் போடாதவர் என்று பெயர். மூன்று தடவை என்னோடு கப்பல் ஏறியிருக்கிறார். மூன்றாவது தடவை திரும்பி வந்ததும் தன் மனைவியின் தங்கையை எனக்குக் கேட்கலாம் என்று அவரே எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். மாமனாரிடம் என்னைத் தங்கமான பையன் என்றாராம். அந்தத் தங்கத்தில் என் குணம் எவ்வளவு, என் அட்டை எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

பெண் பார்க்கக் கருமத்தம்பட்டிக்குப் போனோம். பக்கத்திலேயே விசைத்தறி ஓடும் வீடு. பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். காப்பி கொண்டுவந்த பெண் திரும்பிப் போகாமல் நின்று, கடலுக்குள்ளேயும் மழை பெய்யுமா என்று என்னிடம் கேட்டாள். அத்தனை தடவை போயும் எனக்குத் தெரியவில்லை. கப்பலுக்குள் டீலர்களை எண்ணிக்கொண்டிருந்ததில் வெளியே பார்த்ததே இல்லை என்றேன். சிரித்துவிட்டாள். இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

ஆனால் எங்கள் பக்கம் விசாரிக்காமல் பெண் கொடுப்பதில்லை. பையனிடம் நேராக யாரும் கேட்க மாட்டார்கள். தெருமுனை டீக்கடை, முடி வெட்டுகிறவர், பால்காரர் என்று சுற்றிவளைத்து விசாரிப்பார்கள். பெண்ணின் அப்பா எங்கள் தெருவில் எல்லாரையும் கேட்டு முடித்துவிட்டார். எல்லா இடத்திலும் நான் பாஸ். மிச்சமிருந்தது நான் வேலை செய்யும் இடம்தான். அடுத்த பயணம் வந்தபோது மூத்த மகளுக்குக் கைக்குழந்தை இருந்ததால், மூத்த மாப்பிள்ளையான அந்த டீலரின் துணை டிக்கெட்டில் அவரே வந்துவிட்டார்.

விமானத்தில் மூத்த மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஏனுங்க சகலை, பார் பக்கம் என்னைத் தெரிஞ்சமாதிரி காட்டிக்க வேண்டாமுங்க. மாமா சாயங்காலம் நடக்கப் போவாரு. அந்த நேரத்துல அந்த ரெண்டையும் நான் பாத்துக்கறனுங்க" என்றார். கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் சகலை. அந்த வார்த்தையில் மயங்கித் தலையை ஆட்டிவிட்டேன்.

முதல் நாள் எல்லாம் சரியாக நடந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் பாரில் ஊற்றுகிறவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். முகமெல்லாம் பெருமையாக இருந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்து என்னைப் பற்றித் தோண்டித் தோண்டிக் கேட்டாராம். அட்டையைப் பிறருக்குக் கொடுக்கிறேனா என்று கண்டுபிடிக்கக் கப்பல் கம்பெனி அனுப்பிய ஆள் என்று இவர் முடிவுகட்டிவிட்டார்.

"நான் விட்டுக் கொடுக்கல சாரே. ரெண்டும் அவரே குடிக்கும், ஒரு நாள் தப்பாது, ஒரு சொட்டு வேற ஆளுக்குக் கொடுக்க மாட்டார்னு சத்தியம் செஞ்சு சொல்லிட்டேன்" என்றார்.

அந்த வேட்டிக்காரர் பெண்ணின் அப்பாதான். கருமத்தம்பட்டிக்காரர் கப்பலில் டீக்கடை தேடியிருக்கிறார், கிடைக்காமல் பாரில் விசாரித்திருக்கிறார். பாவம், ஊற்றுகிறவர் எனக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கொடுத்திருக்க முடியாது.

அன்று சாயங்காலம் நான் நீட்டிய காப்பியைப் பெரியவர் வாங்கவில்லை. "இருக்கட்டுங்க தம்பி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் மரியாதை கூடினால் காரியம் கெட்டது என்று அர்த்தம். உண்மையைச் சொன்னால் நான் தப்பிப்பேன், அவருடைய மூத்த மகளின் குடும்பம் சந்திக்கு வரும். விஷயம் கப்பல் கம்பெனிக்குப் போனால் ஊற்றியவரின் வேலையும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் எனக்கில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மூன்றாம் நாள், இனி என் அட்டைக்கு எதையும் ஊற்ற வேண்டாம் என்று சொல்லத்தான் ஐந்து மணிக்குப் பாருக்குப் போனேன். அதற்குள் மூத்த மாப்பிள்ளை ஒரு கிளாஸை வலது கையிலும் இன்னொன்றை இடது கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எதிரில் பெரியவர். அன்றைக்கு அவர் நடக்கப் போகவில்லை. தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, என்னைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நாலு மணியிலிருந்தே உட்கார்ந்திருக்கிறார்.

"ரெண்டும் உங்களுதுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். குரல் உயரவே இல்லை.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு கூசாமல், இது இந்தத் தம்பியுடையது, எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் கையில் வைத்திருக்கிறேன் என்று சொன்னார். கம்பெனி ஆள் மறுபடி வந்துவிட்டாரே என்று பாலக்காட்டுக்காரரும் பலமாகத் தலையாட்டினார். நான் மறுத்துப் பேசவில்லை.

பெரியவர் ஒரு கிளாஸை வாங்கி என் முன்னால் வைத்து, குடிக்கச் சொன்னார். எடுத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் வந்ததுமே தும்மல் பிடித்துக்கொண்டது. எட்டோ ஒன்பதோ, எண்ணவில்லை. கடைசியில் பாதி கிளாஸ் அவர் வேட்டியிலும் மீதி என் சட்டையிலும் இருந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக நின்ற என்னை அவர் நிதானமாகப் பார்த்தார். பிறகு, சிந்தாத இன்னொரு கிளாஸைக் கெட்டியாகப் பிடித்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"குடிக்கறவருக்கு ஒரு புள்ளையக் குடுத்துப்போட்டனுங்க தம்பி. ஊத்திக் குடுக்கறவருக்கும் ஒண்ணக் குடுக்கோணுமுங்களா?"

குடிக்காதவன் என்று எத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமை அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது.

ஊர் திரும்பிய மறு வாரம் பெரியவர் என்னையும் சகலையையும் கருமத்தம்பட்டிக்கு வரச் சொன்னார். கூடத்தில் மூத்த மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் அப்பா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டு, இந்தத் தம்பியால் பாதிக்கப்பட்டவள் நீதான், உன் தங்கையைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீயே சொல் என்றார். சகலை சுவரில் மாட்டியிருந்த காலண்டரை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்ப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

மூத்த மகள் கணவரையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. அப்பாவிடம் திரும்பினார்.

"எனக்கு மாப்பிள்ளை பாத்தப்போ டீக்கடைல கேட்டீங்க, பால்காரரைக் கேட்டீங்க. இப்பக் கப்பல் வரைக்கும் போயிக் கேட்டுட்டு வந்திருக்கீங்க. ஊட்டுக்குள்ள இருக்கறவள ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

பெரியவர், கதவோரம் நின்ற சின்ன மகளைப் பார்த்து, நீ என்ன கண்ணு சொல்றே என்றார். அந்தக் கேள்வி அந்த வீட்டுக்குப் புதிது என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"எனக்குச் சம்மதமுங்க. கப்பலுக்கு என்னையும் அக்காவையும் கூட்டிட்டுப் போகோணும். அந்த ரெண்டு கிளாஸையும் இனி நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

கல்யாணம் முடிந்து, அடுத்த ஆண்டு ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி அவளுக்கும் ஒரு டிக்கெட் வாங்கினேன்; அக்கா சகலையின் துணை டிக்கெட்டில் வந்தார். சரியாக ஐந்து மணிக்கு அக்காவும் தங்கையும் பாரில் உயரமான ஸ்டூல்களில் ஏறி உட்கார்ந்து, என் அட்டையைக் காட்டி ஆளுக்கொரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கி, ஏழு மணிவரை நிதானமாக உறிஞ்சினார்கள். சகலை குழந்தையை வைத்துக்கொண்டும், நான் இரண்டு பேரின் கைப்பைகளையும் பிடித்துக்கொண்டும் பின்னால் நின்றோம்.