அக்காவின் கூரையில் மழை

ஆஸ்திரேலியாவில், அக்கா இருக்கும் அடிலெய்டில், கோடையில் மழை இல்லை. நவம்பரில் காயத் தொடங்கும் மண் மே மாதம்வரை வெடித்துக் கிடக்கும். மழை குளிர்காலத்தில்தான் வரும். ரொறன்ரோவில் நாங்கள் தோட்டம் கொத்தும் நாட்களில்தான் அங்கே என் அக்காவும் கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி என்று தொடங்குவார். முதல் மழை விழுந்ததும் பின்பக்கத் தகரக் கூரையின் கீழ் கதிரையைப் போட்டு, தேத்தண்ணியோடு இருந்து எனக்கு வீடியோவில் அழைப்பார். "பார் தம்பி, எப்பிடிக் குடிக்குது எண்டு" என்பார். மண்ணைத்தான் சொல்வார். அந்த நாளை நான் என் கலண்டரில் குறித்துவைப்பேன். அநேகமாக அது மே நடுவில் இருக்கும்.

சென்ற ஆண்டு மே முடிந்தும் மழை வரவில்லை. அக்காவுக்குப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவி, இனி வைத்தியம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நான் ரொறன்ரோவை விட்டு அசைய முடியாது. அக்கா கேட்டது ஒன்றுதான்: இந்த முறையும் மழைக்குள் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். அத்தான் விதைகளைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தபடி இருந்தார்.

ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் நான் அழைத்தபோது அக்கா குரலைத் தாழ்த்திச் சிரித்தார்.

"உன்ர அத்தான் நேற்று மழை பெய்யவைச்சவர்."

"என்னக்கா?"

"ஹோஸைப் பிடிச்சுக் கூரைக்குத் தண்ணி அடிச்சிருக்கிறார். நான் நித்திரையில மழையெண்டு நினைச்சுச் சந்தோஷப்படுவனாம். மழையெண்டால் பக்கத்து வீட்டுக் கூரையிலயும் பெய்யாதோ?"

"நீங்கள் அவரிட்டக் கேக்கேல்லையோ?"

"சீ, பாவம். 'நல்ல மழை என்ன' எண்டு சொன்னனான். மனுசன்ர முகத்தை நீ பாத்திருக்கோணும்."

அதற்குப் பிறகு அக்கா அதிகம் பேசவில்லை. அடுத்த கிழமை ஒரு மாலை அத்தான் அழைத்தார். அங்கே மறுநாள் காலை. தொலைபேசியைக் கட்டிலருகே நிறுத்திவைத்திருந்தார். கூரை இரைந்துகொண்டிருந்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே, "தம்பி, அத்தானை நிப்பாட்டச் சொல்லு. குளிருக்க நனைஞ்சு வருத்தம் பிடிக்கப்போகுது" என்றார்.

அத்தான் அக்காவின் கையைப் பிடித்தபடி கட்டிலில் இருந்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "நான் இஞ்சதானே இருக்கிறன்" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். "அப்ப ஆர் அடிக்கிறது?"

"மழையப்பா. உண்மையான மழை."

அத்தான் அவரைப் போர்வையோடு தூக்கிப்போய்த் தகரக் கூரையின் கீழ் கதிரையில் இருத்தினார். தொலைபேசியை ஒரு பூச்சாடியில் சாய்த்தார். அது சரிந்து, எனக்கு வானம் மட்டும் தெரிந்தது. குரல்கள் கேட்டன.

"கொத்தமல்லி முளைச்சிட்டுதே?"

"இனித்தான் முளைக்கும்."

"உதுக்கு மேல மிதியாதேங்கோ."

"இல்லை."

"இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுங்கோ. கால் நனையட்டும்."

கதிரை இழுபடும் சத்தம். பிறகு மழை மட்டும். அந்தக் கிழமை முடியுமுன் அக்கா போய்விட்டார்.

அன்று இருவரும் என்னை மறந்திருந்தார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் அத்தான் ஓடிவந்து தொலைபேசியை நிமிர்த்தியிருப்பார், நானும் அக்காவின் முகத்தைப் பார்த்திருப்பேன். நான் கூப்பிடவில்லை.