அறுபத்தெட்டில் மிதக்கப் பழகினேன்

வெள்ளவத்தையில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ரயில் பாதையும் அதற்கு அப்பால் கடலும் தெரியும். கலியாணமாகி வந்த நாள் முதல் அந்தக் கடல்தான் எனக்கு அயல்வீடு. பின்னேரங்களில் மரைன் டிரைவில் நடப்பேன், காற்று வாங்குவேன், பிள்ளைகளுக்குக் கச்சான் கடலை வாங்கிக் கொடுப்பேன். ஆனால் கணுக்காலுக்கு மேல் கடல் என்னைத் தொட நான் விட்டதில்லை. சின்ன வயதில் கடற்கரையில் அம்மா பயந்து என் கையை இறுக்கிப் பிடித்த பிடி அது. அம்மா போய் எத்தனையோ காலமாகியும் பிடி விடவில்லை.

போன வருடத்துக்கு முந்தின மார்கழி விடுமுறைக்கு லண்டனிலிருந்து மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்திக்கு ஒன்பது வயது. ஒரு நாள் எல்லோருமாக ரயிலேறிக் கல்கிசைக் கடற்கரைக்குப் போனோம். பேத்தி மீன்குஞ்சு மாதிரித் தண்ணீரில் புரண்டாள். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாருடைய செருப்புகளுக்கும் காவலாகக் கரையில் நின்றேன்.

இடையில் அவள் ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள்.

"அம்மம்மா, நீங்கள் ஏன் எப்பவும் செருப்புக்குப் பக்கத்திலேயே நிக்கிறீங்கள்?"

"எனக்கு நீந்தத் தெரியாது குஞ்சு."

"பழகலாமே?"

இந்த வயதிலா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் கேட்டது கேலியாக இல்லை. உண்மையாகவே பழகலாம் என்று நினைத்துத்தான் கேட்டாள். அதைப் பார்த்ததும் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"அடுத்த மார்கழிக்கு நீங்கள் வரேக்க நானும் தண்ணிக்குள்ள வருவன்."

மகள் சிரித்தாள். என் கணவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். பேத்தி மட்டும் சிரிக்காமல், "ப்ரொமிஸா?" என்று சின்னவிரலை நீட்டினாள். நானும் நீட்டினேன்.

அவர்கள் விமானமேறிய கிழமையே விசாரிக்கத் தொடங்கினேன். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு நீச்சல் தடாகத்தில் சனிக்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடக்கிறது என்று தெரியவந்தது. டொக்டரிடம் கேட்டேன், முழங்காலுக்கு நல்லது என்றுவிட்டார். வீட்டில்தான் அனுமதி கிடைக்கவில்லை.

"வழுக்கி விழுந்து இடுப்பை முறிச்சால் ஆர் பாக்கிறது?" என்றார் கணவர்.

"நீங்கள்தான்" என்றேன்.

அடுத்த சிக்கல் உடுப்பு. அறுபத்தெட்டு வயதில், ஐந்து பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகு, எதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குவது? மேல்மாடியில் இருக்கும் முஸ்லிம் டீச்சரிடம் லிஃப்டில் வைத்து இதைச் சொன்னேன். ஓய்வு பெற்றவர், என் வயதுதான்.

"புறக்கோட்டையில உடம்ப முழுசா மூடுற நீச்சல் உடுப்பு விக்கிறாங்க. வாங்க, நாம ரெண்டு பேருக்கும் எடுப்பம்" என்றார்.

"ரெண்டு பேருக்குமா?"

"ஏன், எனக்கு ஆசை இரிக்கப்படாதா?"

முதல் சனிக்கிழமை இருவரும் கறுப்பு உடுப்பில், தலையில் ரப்பர் தொப்பியோடு வெளியே வந்தோம். ஒருவரையொருவர் பார்த்து அடக்கமாட்டாமல் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே பாதிக் கூச்சம் போய்விட்டது. பயம் போகவில்லை. பயிற்சி தந்தவர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, என் மகளை விட இளையவர். பயப்படாதீங்கோ அம்மே, கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஊதுங்கோ என்று சிங்களத்தில் சொன்னார். டீச்சர் ஊதினார். என் முகம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. அன்றைக்கு முழுவதும் அப்படித்தான். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான்.

சரி, வீட்டில் பழகுவோம் என்று முடிவெடுத்தேன். உடுப்பு ஊறவைக்கும் பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மூச்சை இழுத்து, கண்ணை மூடி, முகத்தை அமிழ்த்தினேன். நிமிர்ந்தபோது கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு எதிரில் நின்றார்.

"என்னப்பா நடக்குது இந்த வீட்டில?"

"பாடம் படிக்கிறன்."

அவர் போய் ஒரு துவாயைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் பேசினை நிரப்பி வைத்தது அவர்தான்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பு முகம் தண்ணீருக்குப் பழகிவிட்டது. ஆனால் வைகாசியில் ஒரு நாள் கம்பியை விட்டுவிட்டு நின்றபோது கால் வழுக்கியது. நெஞ்சளவு தண்ணீர்தான். ஆனாலும் தரை எங்கே, வானம் எங்கே என்று தெரியவில்லை. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். அந்தப் பிள்ளை என்னைத் தூக்கி நிறுத்தியபோது இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது. வெளியே காத்திருந்த கணவர் என் முகத்தைப் பார்த்ததும், "போதும், விடும். பேத்திக்கு நான் சொல்லுறன்" என்றார்.

ஓட்டோவில் மூவரும் வீட்டுக்குத் திரும்பினோம். விட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஒருவரும் குறை சொல்லப்போவதில்லை, பேத்திகூடத் தன் விளையாட்டில் மறந்திருப்பாள். ஆனால் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடம் நான் பயந்த காரியம் அன்றைக்கு நடந்து முடிந்துவிட்டது. தண்ணீர் என்னை மூடியது. நான் எழும்பி வந்து இதோ ஓட்டோவில் இருக்கிறேன். இனி எதற்குப் பயப்படுவது?

"வாற சனிக்கிழமையும் போவம்" என்றேன். கணவர் பெருமூச்சு விட்டார். டீச்சர் என் கையைத் தட்டினார்.

ஆவணியில் ஒரு காலை, அந்தப் பிள்ளை என் முதுகுக்குக் கீழே ஒரு கையை வைத்து என்னை மல்லாக்கப் படுக்கவைத்தார். காதுக்குள் தண்ணீர் நிறைந்தது. வெளியே காலிக்குப் போகும் பெருவீதியின் இரைச்சல் அடங்கிப்போனது. மேலே வெளுத்த வானம், ஒரு காகம். உடம்பில் பாரமே இல்லை. டீச்சர் ஏதோ கத்துவதும் கைகொட்டுவதும் தெரிந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். என்னை ஒருவரும் பிடித்திருக்கவில்லை.

மார்கழி வந்தது, அவர்களும் வந்தார்கள். கல்கிசையில் அன்றைக்குக் கடல் அமைதியாக இருந்தது. ஆனாலும் தடாகம் வேறு, கடல் வேறு. அலை வந்து இடுப்பில் மோதியதும் ஓரடி பின்வாங்கினேன். பேத்தி கையை நீட்டினாள். நெஞ்சளவுக்குப் போனதும், "பிள்ளை, இப்ப கையை விடும்" என்று சொல்லிவிட்டு மல்லாந்து சாய்ந்தேன். ஓர் அலை என்னைத் தூக்கி மெதுவாக இறக்கியது. இன்னொன்றும் அப்படியே. மூன்றாவது என்னைப் புரட்டிப் போட்டது. உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழும்பி நின்றேன்.

"அம்மம்மா மிதந்தவா! எல்லாரும் பாத்தனீங்களா?" என்று பேத்தி கரையைப் பார்த்துக் கத்தினாள். மகள் முழங்கால் வரை நனைய ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கணவர் படம் எடுக்கிறேன் என்று தன் பெருவிரலைத்தான் எடுத்திருந்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது.

டீச்சரும் நானும் இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறோம். போன மாதம் தடாகத்தின் அகலத்தை ஒருதரம் நீந்திக் கடந்தேன். நடுவில் ஒருமுறை கால் ஊன்றினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த மாதம் ஊன்றமாட்டேன்.