பூட்டிய அலமாரியில் வெடித்த ஜெல்

மூன்று வருடங்களுக்கு முன்பு விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வு மாணவியாக இருந்தேன். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

என் வேலை பாலிமரையும் சிலிகாவையும் ஒன்றாகச் சேர்ப்பது. இரண்டு கரைசலையும் கலந்து சில சொட்டு அமிலம் விட்டால் மெல்ல இறுகி ஜெல்லாகும். அதைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, மேலே மெல்லிய தாளை இழுத்து மூடி, ஊசியால் நாலு துளை போட்டு வைக்க வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் தெளிவான வில்லை கிடைக்கும். அவசரப்பட்டால் கோடை வயல் மாதிரி வெடித்துவிடும்.

எனக்கு வெடித்துக்கொண்டே இருந்தது. ஆய்வுக் குழுக் கூட்டம் வேறு நெருங்கியது. பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து லேபைப் பெருக்க வரும் அக்காதான் மூடியைத் திறந்து பார்க்கிறார் என்று நானே முடிவு கட்டி, எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"நானு அந்தத் தட்டு பக்கமே போவல மேடம். கீழ தொடச்சிக்கினு போயிடுறேன்" என்றார். நான் நம்பவில்லை. துறைத்தலைவரிடம் புகார் சொன்னேன். மறுநாளிலிருந்து அவரை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒப்பந்த வேலை, வராத நாளுக்குக் கூலி கிடையாது.

அடுத்த தட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் பையிலேயே வைத்திருந்தேன். பத்தாம் நாள் திறந்தால் அத்தனையும் வெடித்துக் கிடந்தன. மூடித் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சல்லடைதான். சீக்கிரம் காயட்டும் என்று ஒவ்வொரு முறையும் துளைகளைக் கூட்டிக்கொண்டே போனது நான். அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அன்றே துறைத்தலைவரிடம் உண்மையைச் சொல்லி, அக்காவைத் திரும்பக் கூப்பிடும்படி கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை அக்கா வந்தார். வராந்தாவில் தனியாக நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன்.

"எல்லார் எதிர்க்கயும் திட்டினீங்க மேடம். இத மட்டும் மறைவா சொல்றீங்களே?" என்று கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் லேபில் எல்லோரும் இருக்கும்போது, அவரை வைத்துக்கொண்டே, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜெல் ஏன் வெடிக்கிறது என்று என் ஆய்வேட்டில் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். கூலி இல்லாத அந்த நாட்கள் அவர் வீட்டில் எப்படிப் போயின என்று கேட்க மட்டும் எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.